போக ஒரு பாஸ், வர ஒரு பாஸ்

1

அறுவடைப் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மாவின் அழைப்பு வரும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: "மக்கா, துண்டு எழுதாண்டாமா?"

கேரளத்தின் தெற்கெல்லையில், எங்கள் உதியன்குளங்கரையைச் சுற்றி இருப்பவர்களுக்குத் துண்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சபையில் பண்டிகைக்கு ஒவ்வொரு வீட்டாரும் உள்ளங்கை அளவில் ஒரு தாள் கொடுப்பார்கள். முன்பக்கம் ஸ்தோத்திரம், அதாவது போன வருடம் நடந்த நல்லவற்றுக்கான நன்றி. பின்பக்கம் விண்ணப்பம், வரும் வருடத்துக்கு வேண்டியது. சபைச் செயலர் ஸ்டீபன் அண்ணன் எல்லாத் துண்டுகளையும் மைக்கில் வாசிப்பார். தமிழில் எழுதினால் தமிழில், மலையாளத்தில் எழுதினால் மலையாளத்தில். கிணற்றில் தண்ணீர் கண்டதற்காக, பசு சுகமாக ஈன்றதற்காக, மகனுக்குக் கத்தாரில் வேலை கிடைத்ததற்காக. ஒரு வீட்டின் ஒரு வருடம் முழுவதையும் அரை நிமிடத்தில் ஊர் தெரிந்துகொள்ளும்.

எங்கள் வீட்டுத் துண்டை மூன்றாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதுகிறேன். எனக்கு முன் எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்பா ஒரு மழைக்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனவர். அம்மா அதுவும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எழுதிக் கொடுப்பார். அவர் என்ன எழுதினார் என்பது வாசிக்கும்போதுதான் அப்பா அம்மாவுக்கே தெரியும். ஒரு வருடம் 'வீட்டுத் தலைவர் குடியை விட்டதற்காக' என்று மைக்கில் வந்துவிட்டது. அப்பா பிறகு அவரிடம் தாளை நீட்டவே இல்லை. எனக்கு எழுத்து கூடிவரும்வரை இரண்டு வருடம் எங்கள் வீட்டில் ஸ்தோத்திரமே கிடையாது.

நான் எழுதிய முதல் வரி, 'ஆடு இரண்டு குட்டி போட்டதற்காக'. ஸ்டீபன் அண்ணன் அதை வாசித்தபோது அப்பா என் தலையில் கைவைத்து என்னைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியது நினைவிருக்கிறது. நான் எழுதியதை ஒரு பெரிய மனிதர் மைக்கில் வாசிக்கிறார்! அந்தப் பெருமை எனக்கு இன்னும் குறையவில்லை. மறைக்கவும் தோன்றவில்லை.

இப்போது நான் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஒரு சிறு ஊரில் இருக்கிறேன். பால் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எட்டு வருடம் ஆயிற்று. துண்டைத் தாளில் எழுதிப் படம் பிடித்து ஸ்டீபன் அண்ணனின் போனுக்கு அனுப்புவேன். அவர் பெயர்த்து எழுதிக்கொள்வார்.

2

இந்த வருடத்துத் துண்டுக்கு விஷயம் நிறைய. அப்பாவும் அம்மாவும் முதன்முறை விமானம் ஏறினார்கள்.

அதற்கே ஒரு வருட வேலை. கடவுச்சீட்டு அலுவலகத்தில் கைரேகை எடுக்கும் கருவிக்கு அப்பாவின் விரல்கள் பிடிக்கவில்லை. கள்ளிக்காட்டுப் பக்கம் முப்பது வருடம் ரப்பர் வெட்டிய கை. பாலும் ஆசிடும் பட்டு ரேகை தேய்ந்துவிட்டது. அந்தப் பெண் அதிகாரி துடைத்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், எண்ணெய் தொட்டு வரச் சொன்னார். "கொச்சுமோளே, இதுல ஆளு இல்லண்ணு உனக்க மிஷின் சொல்லுதா?" என்று அப்பா கேட்டாராம். ஐந்தாவது முறை அந்தக் கருவி இரக்கப்பட்டது.

இங்கே வந்ததும் அப்பா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாடுகளை எண்ணத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார். "இம்புட்டுப் பாலும் ஆரு பிள்ளே குடிக்கினும்?" என்றார். நான் தூளாக்கிக் கப்பலில் அனுப்புவதைச் சொன்னேன். "அப்பம் நானும் பாலு, நீயும் பாலு. எனக்கத வச்சு டயரு, உனக்கத வச்சு பொடி" என்று சிரித்தார். அன்றிலிருந்து தினமும் மாலையில் என்னிடம் அன்றைய பரிசோதனையின் முடிவு கேட்டார். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருந்ததா, கலந்தவர் யாராவது மாட்டிக்கொண்டாரா. யாரும் மாட்டவில்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றம்.

என் மகள் மியாவுக்கு ஆறு வயது. அவள் வகுப்பில் தாத்தா பாட்டிகளை ஒருநாள் அழைத்தார்கள். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மவோரிகளின் வழக்கப்படி ஒருவர் தன்னை அறிமுகம் செய்யும்போது முதலில் தன் மலையைச் சொல்ல வேண்டும், பிறகு தன் ஆற்றை, கடைசியில்தான் பெயர். எல்லாப் பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். மியா எழுந்து, எங்கள் சமையலறை ஜன்னலில் தெரியும் மலையைத் தன் மலை என்றாள். பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றைத் தன் ஆறு என்றாள். தயங்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா, "நம்ம ஆறு நெய்யாறுண்ணு நீ சொல்லிக்குடுக்கலியா?" என்று என்னைக் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டார். "உங்களுக்கு நெய்யாறு. எனக்கு குழித்துறை ஆறாக்கும்."

"கல்யாணம் கழிஞ்சு முப்பத்தஞ்சு வருசம் நெய்யாத்துத் தண்ணி குடிச்சவ பேசுத பேச்சைப் பாரு."

"குடிச்சா? வீடு மாறினேன், ரேசன் கார்டு மாறினேன். ஆறும் மாறணுமா?"

மியாவுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இந்தச் சண்டை அவளுக்கு மிகவும் பிடித்தது. மறுநாள் ஆசிரியையிடம் கேட்டு வந்தாள்: ஒருவருக்கு இரண்டு ஆறு இருக்கலாமாம், தப்பில்லையாம். ஆனால் அவள் தன் ஆற்றை மாற்றவில்லை, இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு அது வலித்ததா என்று யோசித்துப் பார்த்தேன். வலியைவிட வியப்புதான் அதிகம். ஒரு பிள்ளைக்கு எந்த வயதில், எந்த நாளில், ஒரு ஆறு சொந்தமாகிறது? எனக்கு நெய்யாறு எப்போது சொந்தமானது என்பது எனக்கே தெரியாது.

3

இன்னொரு பயணமும் உண்டு. நான் போகாத பயணம்.

என் கணவர் பினோயின் தம்பிக்கு மெல்பர்னில் திருமணம். பினோய் மூன்று வருடத்துக்கு முன்பே இந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். மியா பிறவியிலேயே இந்நாட்டவள். அவர்கள் இருவரும் ஆஸ்திரேலியாவுக்குச் சும்மா போகலாம். என்னிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. எனக்கு விசா வேண்டும். விண்ணப்பித்தேன், காத்திருந்தேன். திருமண நாள் வந்தது, விசா வரவில்லை. விமான நிலையத்தில் மியா உள்ளே போய்த் திரும்பிப் பார்த்து, நான் கண்ணாடிக்கு வெளியே நிற்பதைக் கண்டு, "அம்மா ஏன் நம்மகூட இல்லை?" என்று கேட்டாளாம். "அம்மாவின் புத்தகம் வேறு நிறம்" என்றாராம் பினோய். மனிதர் ஆறுதல் சொல்வதில் கெட்டிக்காரர் அல்ல.

அதற்கு அடுத்த வாரம் நானும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்.

இதை எழுதுவது எளிது, செய்வது அப்படியல்ல. இந்நாட்டுக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். கடவுச்சீட்டைத் தூதரகத்தில் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் கடவுச்சீட்டு அது. விசாரணைக்குப் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்தபோது, போலீஸ் நல்ல காரியத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை என்று அம்மா அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார். தபாலில் வந்த அன்று அப்பா அதை உதியன்குளங்கரைச் சாயாக்கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிவிட்டு, விரலடையாளம் படக்கூடாதென்று தாளில் பொதிந்து கொண்டுவந்தார்.

அப்பா அம்மா இங்கே இருந்த இரண்டு மாதமும் நான் இதைச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது வாய்வரை வரும். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடும். கடவுச்சீட்டு மட்டும் காரணமல்ல. கொரோனாக் காலத்தில் நான் செய்த ஒரு பிழை இருக்கிறது.

4

அம்மா பிறந்தது களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டில். எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். நடுவில் மாநில எல்லை இருக்கிறது என்பதை நாங்கள் பஸ்ஸின் நிறம் மாறுவதைக் கொண்டுதான் அறிவோம். பெரியம்மா தன் வீட்டில் சாம்பார் கொதிக்க வைத்துவிட்டு எங்கள் வீட்டில் முருங்கைக்காய் பறிக்க வந்ததுண்டு.

எல்லையை மூடிய மாதங்களில் ஒருநாள் பெரியம்மா இறந்துபோனார். அம்மாவின் ஒரே அக்கா. போக வேண்டுமானால் இணையத்தில் பாஸ் எடுக்க வேண்டும். வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான்தானே? இங்கிருந்தே தமிழ்நாட்டுத் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பினேன். அப்பாவின் போனுக்கு வந்த எண்ணை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு மணி நேரத்தில் பாஸ் வந்தது. எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டு அம்மாவுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா கோடித் துணியோடு எல்லைக்குப் போனார். தடுப்பில் நின்ற போலீஸ்காரர் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "போலாம் அம்மச்சீ. பக்ஷே திரிச்சு வரணும்னா கேரளத்து பாஸ் வேற வேணும். அது உண்டா?"

இல்லை. இரண்டாவது பாஸ் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இரண்டு மாநிலம், இரண்டு அரசு என்று யோசித்திருப்பார். எல்லையில் வளர்ந்த எனக்குப் பெரியம்மா வீடு பக்கத்து வீடு. போனால் வருவோம். அதற்கு யாரிடம் கேட்பது?

வீட்டில் அப்பா காய்ச்சலோடு படுத்திருந்தார். போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது. அம்மா மதியம்வரை தடுப்பின் ஓரத்தில் நின்றார். நான் கேரளத் தளத்தில் மனு போட்டு, திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் முடிந்த பிறகு பாஸ் வந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை உறுத்துகிறது.

5

ஆக, இந்த வருடத் துண்டு. ஞாயிறு மதியம் எனக்கு, காலை அவர்களுக்கு. அம்மா அடுப்படியிலிருந்தே பேசினார். திரையில் பாதி முகமும் மீதி கூரை ஓடும் தெரிந்தது.

"எழுதிக்கோ. ரெண்டுபேரும் பிளேன்ல போய் கேடில்லாம வந்ததுக்கு. கொச்சுமோளு மியா வாசிக்கப் படிச்சதுக்கு. பினோய்க்க தம்பி கல்யாணத்துக்கு. வேற என்ன உண்டு?"

"ஒண்ணு உண்டும்மா" என்றேன். "எனக்கு இங்கத்த குடியுரிமை கிடைச்சிருக்கு. பண்டிகை கழிஞ்சு வாற புதன்கிழமை விழா. அதையும் ஸ்தோத்திரத்துல சேர்க்கணும்."

"குடியுரிமைண்ணா?"

சொன்னேன். ஒப்படைப்பதையும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்தார்.

"அப்பம் நீ இந்தியாக்காரி இல்லியா?"

"சட்டப்படி இல்லைம்மா."

"ஏங்க, இங்க வாருங்க. இவ ஒண்ணு பறையுதா, கேளுங்க." அப்பா வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். விழாவில் என்ன செய்வார்கள் என்று கேட்டார். அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுப்போம் என்றேன்.

"ராசாவா? அங்க ராசா உண்டா? நான் ரெண்டு மாசம் இருந்தேன், ஒருக்க கூடக் கண்டதில்லியே!"

"அவர் லண்டன்ல இருக்காருப்பா."

"கொள்ளாம். ஆளு இங்கிலாந்துல, சத்தியம் நியூசிலாந்துல."

அம்மா சிரிக்கவில்லை. "நீ வீட்டுக்கு வாறதுக்கு என்ன வேணும்?"

"ஒரு கார்டு எடுக்கணும். ஒருக்க எடுத்தா ஆயுசுக்கும் போதும்."

"அது எப்பம் கிடைக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "முதல்ல புதுப் பாஸ்போர்ட் வரணும். பின்ன பழசை ஒப்படைக்கணும். பின்ன கார்டு. எல்லாம் சேர்த்து மூணு மாசம் ஆகலாம்."

"அந்த மூணு மாசத்துக்கு இடையில எனக்கு வல்லதும் ஆனா?"

"அவசர விசா உண்டும்மா."

"உண்டுண்ணுதான் அண்ணைக்கும் சொன்ன."

இத்தனை வருடத்தில் அம்மா அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலச் சொன்னார்.

"அப்பம் விழாவுக்குப் போவாண்டாம்னு சொல்லுறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்க சொன்னேன்? கொச்சுமோள உள்ள விட்டுட்டு நீ வெளிய நிண்ணத பினோய் சொல்லித் தெரியும். நான் வெளிய நிண்ணவ. எனக்குத் தெரியாதா?" பிறகு, "நீ எழுதி ஸ்டீபனுக்கு அனுப்பு" என்று போனை வைத்துவிட்டார்.

எழுதினேன். முன்பக்கத்தில், நான்காவது வரியாக, 'மகள் ஷைனிக்கு நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்ததற்காக'. அழகான எழுத்தில். எனக்கு அது ஸ்தோத்திரம்தான். ரேகை தேய்ந்த ஒருவரின் மகள், கைநாட்டு வைக்கும் ஒருவரின் மகள், இன்னொரு நாட்டின் பரீட்சைகளையும் படிவங்களையும் தாண்டி வந்திருக்கிறாள். அம்மா அதற்காகச் சபையில் எழுந்து நிற்க வேண்டும், ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

6

இப்போதெல்லாம் எங்கள் சபையின் ஆராதனை இணையத்தில் நேரலையாக வருகிறது. பண்டிகையன்று இங்கே மாலை ஐந்து மணி. மியாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பலிபீடத்துக்கு முன் வாழைக்குலை, சக்கை என்று நாங்கள் சொல்லும் பலா, மரவள்ளி, கால் கட்டிய ஒரு சேவல். மியாவுக்குச் சேவலைவிட்டுக் கண் நகரவில்லை. அதற்கும் துண்டு உண்டா என்று கேட்டாள்.

ஸ்டீபன் அண்ணன் வாசிக்கத் தொடங்கினார். ஒரு வீட்டின் ஸ்தோத்திரம் வரும்போது அந்த வீட்டார் மட்டும் எழுந்து நிற்பார்கள். எங்கள் வீட்டின் முறை வந்தது. அம்மா எழுந்தார். அப்பா பெஞ்சைப் பிடித்து மெதுவாக எழுந்தார். விமானப் பயணம் வந்தது. மியா வாசிக்கப் படித்தது வந்தது. கல்யாணம் வந்தது. நான்காவது வரிக்கு நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். அண்ணன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

விட்டுவிட்டாரா, இல்லை அம்மா விடச்சொன்னாரா? ஊர் என்ன சொல்லுமோ என்று மறைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்துக் கேட்கலாம் என்று அதைத் தேடுகிறேன், அதற்குள் பின்பக்கங்களை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். விண்ணப்பங்களுக்கு ஒரு வீட்டார் எழுவதில்லை, சபையே எழும். இத்தனை வருடம் வெளியே இருந்ததில் நான் அதை மறந்திருந்தேன்.

"மகள் ஷைனி புதிய நாட்டின் குடியாகிறாள். அவள் போகவும் வரவும் ஒரு தடையும் இல்லாமல் இருக்க."

பெஞ்சுகள் நகரும் சத்தம் இங்கேவரை கேட்டது. எழுந்தவர்களின் முதுகுகள் திரையை நிறைத்தன. எனக்குத் தெரிந்த முதுகுகள், தெரியாதவை, நான் போன பிறகு வளர்ந்த பிள்ளைகளுடையவை. அவற்றுக்கு நடுவில் அம்மா எங்கே என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் அழைத்தேன். "ஏம்மா ஸ்டீபன் அண்ணன்கிட்ட சொல்லிப் பின்பக்கம் மாத்தினீங்க?"

"ஸ்தோத்திரம்னா நானும் உங்கப்பனும்தானே எழும்பி நிக்கணும்? நாலு வரி தீருமட்டும் நிண்ணா அவருக்க முட்டு என்னத்துக்கு ஆவும்? பின்பக்கம்னா எல்லாரும் எழும்புவினும். அவரு எழும்பாம இருந்தாலும் ஒருத்தனும் காணமாட்டான்."

பின்னாலிருந்து அப்பா, "நான் எழும்பித்தான் நிண்ணேன் பிள்ளே! இவ சும்மா அளக்குதா" என்றார்.

"நீங்க மிண்டாம இருங்க." பிறகு என்னிடம்: "புதன்கிழமை சாரி உடுத்திட்டுப் போ. சத்தியம் முடிஞ்சா ஒடனே, இங்க வாறதுக்கு வேண்டிய மத்த கடலாசுக்கு எழுதிப் போடணும், கேட்டியா? நாளைக்குண்ணு வைக்காத. சாயா எல்லாம் பின்ன குடிக்கலாம்."

7

விழா ஊர்மன்றக் கூடத்தில் நடந்தது. பதினாறு பேர். எனக்கு முன்னால் ஒரு பிலிப்பினோ செவிலியர், பின்னால் ஒரு தென்னாப்பிரிக்க விவசாயி. அவர் வரிகளைச் சொல்லும்போது அழுதார். நான் அழவில்லை, ஆனால் குரல் ஒருமுறை இறங்கியது. மேயர் எல்லோருக்கும் கைகொடுத்து, இந்த நாட்டு மரக்கன்று ஒன்றையும் கொடுத்தார். பினோய் படம் எடுத்தார். மியா கை தட்டினாள்.

பிறகு பக்கத்து அறையில் தேநீர் என்றார்கள். மற்றவர்கள் அங்கே போனார்கள். நான் பட்டுச் சாரியோடு தெருவைக் கடந்து நூலகத்துக்குப் போனேன். கன்றை மேசைமேல் வைத்துவிட்டு, கணினியில் புதிய கடவுச்சீட்டுக்கான படிவத்தைத் திறந்தேன். பெயர், பிறந்த இடம், அம்மாவின் பெயர், அப்பாவின் பெயர். எல்லாம் கை தானாக நிரப்பியது.

கடைசிப் பக்கத்தில் 'பயணம் புறப்படும் தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டாயமில்லை, முடிவாகியிருந்தால் மட்டும் எழுதவும் என்று அருகில் குறிப்பு. அன்றிலிருந்து மூன்று மாதம் எண்ணி, ஊருக்குப் போகும் நாளை முடிவு செய்தேன்.

எழுதினேன்.